டொமினிக்கா புவிவெப்பம்: நெருப்பின் மேல் உட்கார்ந்துகொண்டு டீசல் வாங்குவது ஏன்?

எரிமலைப்பித்தன்:
முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது டொமினிக்கன் குடியரசைப் பற்றிய இழை இல்லை. அதுவேறு, இதுவேறு. இது டொமினிக்கா. குவாதலூப்புக்கும் மார்ட்டினிக்குக்கும் நடுவில் இருக்கிற 750 சதுர கிலோமீட்டர் தீவு, மக்கள்தொகை 70 ஆயிரம் பக்கம். முதலீட்டுக்குப் பாஸ்போர்ட் தருகிற நாடு என்று சிலருக்குத் தெரிந்திருக்கும்.

இவ்வளவு சின்ன இடத்தில் உயிருள்ளவை என்று கணக்கில் வைத்திருக்கும் எரிமலைகள் ஒன்பது. மலைமேல் ஓர் ஏரியே கொதித்துக்கொண்டிருக்கிறது, அதன் பெயரே கொதிக்கும் ஏரிதான். அதற்குப் போகும் வழியில் புல் பூண்டு முளைக்காத ஒரு பள்ளத்தாக்கு முழுக்க ஆவி. இப்படி ஒரு அடுப்பின் மேல் உட்கார்ந்துகொண்டு இத்தனை வருடமாக மின்சாரத்தில் பெரும்பங்கைக் கப்பலில் வந்து இறங்கும் டீசலில் எடுத்திருக்கிறார்கள். மீதி நீர்மின்சாரம். யூனிட் விலை 30 அமெரிக்க சென்ட்டுக்கு மேலே நிற்கிறது.

ஒரு மனக்கணக்கு போட்டேன். அங்கே திட்டமிட்ட 10 மெகாவாட் புவிவெப்ப நிலையம் வருடத்தில் 90 சதவீத நேரம் ஓடினால் 7.9 கோடி யூனிட். டீசல் லிட்டருக்கு 4 யூனிட் என்று வைத்தாலும் ஏறக்குறைய 2 கோடி லிட்டர் மிச்சம். ஐஸ்லாந்து எப்போதோ செய்துவிட்ட காரியம் இது. இவர்கள் செய்யாமல் இருந்ததற்கு என்ன காரணம், சோம்பலா, டீசல் கமிஷனா?

மின்னல்வேலு:
கமிஷன் எல்லா ஊரிலும் இருக்கும், அதை விடுங்கள். உங்கள் ஒப்பீடே சரியில்லை. ஐஸ்லாந்தில் ஹெல்லிஷெய்டி என்கிற ஒரே நிலையம் 303 மெகாவாட். டொமினிக்கா முழுவதற்கும் உச்சத் தேவை 17 மெகாவாட் சுற்றளவுதான். ஐஸ்லாந்தில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பெரும்பகுதியை அலுமினியத் தொழிற்சாலைகள் எடுத்துக்கொள்கின்றன. அதாவது இரவு பகல் பார்க்காமல் வாங்க ஒரு ஆள் இருந்தான். டொமினிக்காவில் இரவு 3 மணிக்கு யார் வாங்குவது? எல்லாரும் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குகிறார்கள்.

அதனால் உங்கள் 90 சதவீதம் எனக்கு ஒப்பவில்லை. நிலையத்தால் அவ்வளவு ஓட முடியும், அதில் சந்தேகம் இல்லை, தீவால் அவ்வளவு குடிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. மழைக்காலத்தில் அருவி நிறையத் தண்ணீர் வரும்போது நீர்மின்சாரமும் வரிசையில் நிற்கும். இரண்டுமே எரிபொருள் செலவு இல்லாதவை. எதைக் குறைப்பீர்கள்?

எரிமலைப்பித்தன்:
சரி, அது நியாயம்தான். ஆனால் பக்கத்திலேயே குவாதலூப் இருக்கிறதே, மார்ட்டினிக் இருக்கிறதே? ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய மூன்றரை லட்சம் பேர் இருக்கிறார்கள். கடலடியில் கேபிள் போட்டு விற்கலாம் அல்லவா?

மின்னல்வேலு:
அந்த யோசனை தொடக்கத்திலிருந்தே உண்டு. 100 மெகாவாட், பிரெஞ்சு நிறுவனங்கள் என்றெல்லாம் பேச்சு நடந்தது. கரையேறவில்லை. கேபிள் போடுகிறவன் மின்சாரம் எங்கே என்பான், கிணறு தோண்டுகிறவன் கேபிள் எங்கே என்பான். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்கிற கதை. கடைசியில் தன் வீட்டுத் தேவைக்கு மட்டும் ஒரு சின்ன நிலையம் என்று இறங்கி வந்தார்கள். எனக்குக் கேட்டால் அதுதான் அந்தத் தீவு எடுத்த நல்ல முடிவு.

துளைப்பான்:
நான் 14 வருடம் கிணறு துளைக்கும் ரிக்கில் வேலை பார்த்தவன், பெரும்பாலும் எண்ணெய்க் கிணறு, கடைசி மூன்று வருடம் புவிவெப்பம். மேலே எல்லாரும் சூடு இருக்கிறது, சூடு இருக்கிறது என்கிறீர்கள். எரிமலைத் தீவில் சூடு கண்டுபிடிப்பதில் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. சூட்டை மேலே தூக்கிவர உள்ளே தண்ணீர் வேண்டும், அந்தத் தண்ணீர் நடமாடப் பாறையில் விரிசல் வேண்டும். விரிசல் இல்லாவிட்டால் நீங்கள் தோண்டியது விலை உயர்ந்த ஒரு சூடான ஓட்டை, அவ்வளவுதான்.

நான் சும்மா சொல்லவில்லை. அதே கரீபியன் வரிசையில் இருக்கிற செயின்ட் வின்சென்ட் தீவில் 2019-ல் லா சூஃப்ரியர் எரிமலையின் சரிவில் மூன்று கிணறு தோண்டினார்கள். வெப்பம் 200 டிகிரிக்கு மேலே, அதில் குறையே இல்லை. ஆனால் பாறை இறுகிக் கிடந்தது, ஓட்டம் போதவில்லை, திட்டம் அத்தோடு நின்றது. 2021 ஏப்ரலில் அதே எரிமலை வெடித்தது தனிக் கதை. செயின்ட் லூசியாவில் 1980-களில் ஒரு கிணற்றில் ஆவி நன்றாகவே வந்தது, ஆனால் அமிலத்தன்மை. குழாயைத் தின்றுவிடும்.

எண்ணெய்க்கும் இதற்கும் உள்ள வேடிக்கையான வித்தியாசம் ஒன்று சொல்கிறேன். தோண்டும்போது துளைத்தண்டின் உள்வழியாகச் சேறு இறக்குவோம், அது தூளை அள்ளிக்கொண்டு பக்கவாட்டில் மேலே திரும்பி வரும். எண்ணெய்க் கிணற்றில் திடீரென்று சேறு திரும்பி வராவிட்டால் எல்லார் முகமும் வெளுத்துப்போகும், ஏனென்றால் கீழே எங்கேயோ பாறைக்குள் சேறு ஓடிப்போகிறது என்று அர்த்தம். புவிவெப்பக் கிணற்றில் குறிவைத்த ஆழத்தில் அதே நடந்தால் கைகுலுக்குவோம். விரிசலைத் தொட்டுவிட்டோம்! என் முதல் புவிவெப்பக் கிணற்றில் சேற்றுத் தொட்டியின் மட்டம் இறங்குவதைப் பார்த்துப் பதறிப்போய் ஓடினேன், அங்கே இருந்த புவியியல்காரர் சிரித்துக்கொண்டே நின்றார். அன்றைக்கு அவரை அடிக்காமல் விட்டது பெரிய விஷயம்.

டொமினிக்காவுக்கு அந்த அதிர்ஷ்டம் இருந்தது. 2011, 2012-ல் தலைநகர் ரோசோவுக்கு மேலே இருக்கிற ரோசோ பள்ளத்தாக்கில் சோதனைக்காக மூன்று ஒல்லிக் கிணறு போட்டுப் பார்த்தார்கள், பிறகு 2013, 2014-ல் லோடா கிராமத்தில் ஓர் உற்பத்திக் கிணறு, ட்ராஃபல்கர் பக்கம், சூடு எடுத்த தண்ணீரைத் திரும்பக் கீழே செலுத்த ஒரு கிணறு. உற்பத்திக் கிணறு 1,500 மீட்டர் ஆழம்தான், வெப்பம் 240 டிகிரி அளவில். அந்த ஆழத்துக்கு அது ரொம்ப நல்ல கிணறு.

சந்தேகப்பிராணி:
2014-ல் நல்ல கிணறு கையில் இருக்கிறது. அதற்குப் பிறகு நிலையத்துக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது 2023 டிசம்பரில். ஒன்பது வருடம் என்ன செய்தார்கள்? இதற்கும் பாறை இறுகிப்போனதுதான் காரணமா?

ரோசோமீனா:
இதற்கு நான் பதில் சொல்கிறேன், நடுவில் நான் அங்கேதான் இருந்தேன். மருத்துவம் படிக்கப் போனவள். 2017 செப்டம்பர் 18 ராத்திரி மரியா வந்தது, ஐந்தாம் வகைப் புயல். நாங்கள் ஆறு பேர் குளியலறைக்குள் மெத்தையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காலையில் கதவைத் திறந்தால் மலை பழுப்பு நிறம். முந்தின நாள் வரைக்கும் கண் கூசும் பச்சை, ஒரே ராத்திரியில் ஓர் இலை மிச்சமில்லை. சேதமும் நஷ்டமும் சேர்ந்து நாட்டின் ஒரு வருட மொத்த உற்பத்தியில் 226 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்னால்தான் எரிக்கா புயல் வந்து 90 சதவீதத்தை அடித்துக்கொண்டு போயிருந்தது. இரண்டு முறை வீடு இழந்தவனிடம் போய் ஏன் இன்னும் மாடி கட்டவில்லை என்று கேட்கிற மாதிரி இருக்கிறது உங்கள் கேள்வி.

சந்தேகப்பிராணி:
மன்னிக்க வேண்டும் மீனா. அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை.

ரோசோமீனா:
பரவாயில்லை. ஆனால் உண்மையில் நான் சொல்ல வந்தது வேறு. புயலுக்குப் பிறகு எங்கள் தெருவில் மாதக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஆனால் கம்பி எல்லாம் தரையில் கிடந்தது, கம்பங்கள் தீக்குச்சி மாதிரி முறிந்து கிடந்தன. அன்றைக்கு மலைமேல் 10 மெகாவாட் புவிவெப்ப நிலையம் ஒரு கீறல் கூட இல்லாமல் ஓடிக்கொண்டிருந்திருந்தாலும் எங்கள் தெருவுக்கு ஒரு பல்பு எரிந்திருக்காது. இதை யாருமே பேசுவதில்லை.

மின்னல்வேலு:
மீனா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. லோடாவிலிருந்து கீழே புதிதாக 33 கிலோவோல்ட் மின்பாதை போட வேண்டிவந்ததே, திட்டச் செலவில் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லாரும் டர்பைனைத்தான் போட்டோ எடுக்கிறார்கள்.

இன்னொரு தலைவலியும் உண்டு. 17 மெகாவாட் கட்டமைப்பில் 10 மெகாவாட் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்று வையுங்கள். ஒரு வால்வு பழுது, ஒரு பூனை, ஒரு மின்னல், ஏதோ ஒன்றில் நிலையம் சட்டென்று நின்றால் பாதித் தீவின் சுமை அந்தரத்தில் தொங்கும். அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து மளமளவென்று இறங்கும், மிச்சம் இருக்கிற இயந்திரங்களும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள விலகும், முழுத் தீவும் இருட்டு. இதைத் தடுக்க டீசல் இயந்திரம் ஒன்றிரண்டைக் குறைந்த சுமையில் சும்மாவாவது ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெரிய மின்கலத் தொகுதி வைக்க வேண்டும். பெரிய நாட்டில் 10 மெகாவாட் நின்றால் கட்டுப்பாட்டு அறையில் ஒருவன் கூடத் தலையைத் தூக்கிப் பார்க்க மாட்டான்.

எரிமலைப்பித்தன்:
டீசலை ஒழிக்க வந்த நிலையத்துக்குத் துணைக்கு டீசலா! என் 2 கோடி லிட்டர் இப்படியே கரைந்துகொண்டு போகிறது.

சந்தேகப்பிராணி:
பணம் பற்றி ஒருவரும் பேசவில்லை. நிலையம் கட்ட ஒப்பந்தம் போட்டது ஓர்மாட் என்கிற தனியார் நிறுவனம், 25 வருட மின்கொள்முதல் ஒப்பந்தம். கிணறு தோண்டிச் சூதாடியது நாடும் கொடையாளர்களும். 2019-ல் உலக வங்கி 27 மில்லியன் டாலர் பக்கம் கடனும் மானியமுமாக ஒதுக்கியது, பிரிட்டனும் நியூசிலாந்தும் உதவின. ஆபத்து எல்லாம் தீர்ந்த பிறகு தனியார் வந்து உட்கார்ந்து 25 வருடம் வசூலிப்பது. சமைத்தவள் ஒருத்தி, பரிமாறிப் பெயர் வாங்குகிறவள் இன்னொருத்தி. நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள்.

துளைப்பான்:
பாதி சரி, பாதி இல்லை. ஒரு கிணறு என்றால் பல மில்லியன் டாலர். முதல் கிணற்றில் ஒன்றுமே வராமல் போக நல்ல வாய்ப்பு உண்டு. பெரிய நிறுவனம் நாலு நாட்டில் பத்துக் கிணறு போட்டு, மூன்று வீணானால் ஏழில் எடுத்துக்கொள்ளும். டொமினிக்கா மாதிரி ஒரு நாட்டுக்கு ஒரே பள்ளத்தாக்கு, இரண்டு கிணறு, அவ்வளவுதான். வீணானால் பள்ளிக்கூடத்துக்கு வைத்திருந்த காசு போச்சு. அதனால் இந்தக் கட்டத்தில் தனியாரை வரச் சொன்னால் வரமாட்டான், வந்தாலும் அந்த ஆபத்துக்கும் சேர்த்து யூனிட் விலையில் ஏற்றிவிடுவான். மானியத்தில் கிணறு போட்டால் அந்தச் சுமை விலையில் ஏறாது. செயின்ட் வின்சென்ட்டில் மூன்று கிணறும் கைகொடுக்காமல் போனதை மறந்துவிட வேண்டாம். அதே சீட்டு டொமினிக்காவுக்கும் விழுந்திருக்கலாம்.

சந்தேகப்பிராணி:
அதனால்தான் கேட்கிறேன். ஆபத்தை மானியம் தாங்கியது என்றால் அதன் பலன் பில்லில் தெரிய வேண்டும். தெரியுமா?

மின்னல்வேலு:
அது ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பொதுவாக இந்த மாதிரி ஒப்பந்தத்தில் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் கட்டு என்று ஒரு பகுதி இருக்கும், ஏனென்றால் செலவெல்லாம் முதலிலேயே ஆகிவிடுகிறது, நிலையத்துக்கு எரிபொருள் செலவு கிடையாது. ராத்திரி தேவை குறைவாக இருக்கும்போதும் முழுக் காசு போகும். அதே நேரம் எண்ணெய் விலை எகிறினாலும் இது நகராது. டொமினிக்கா பில்லில் எரிபொருள் கூடுதல் கட்டணம் என்று தனி வரி உண்டு, அது உலகச் சந்தையைப் பார்த்து ஏறி இறங்கும். அந்த வரி சுருங்கினாலே பெரிய விஷயம். இன்னொன்று, மின் நிறுவனமான டாம்லெக்கின் 52 சதவீதப் பங்கை 2022-ல் எமேரா என்கிற கனடா நிறுவனத்திடமிருந்து அரசே வாங்கிவிட்டது. அதாவது வாங்குகிறவனும் அரசு, கொள்கை வகுக்கிறவனும் அரசு. பில் குறையாவிட்டால் மக்கள் வேறு யாரையும் கைகாட்ட வேண்டியதில்லை.

கடற்காகம்:
இழையை இன்றைக்குத்தான் பார்த்தேன். கிணறு தோண்டினால் கொதிக்கும் ஏரி வற்றிவிடாதா? ஏரி இருக்கிற மோர்ன் த்ரவா பிதோன் பூங்கா 1997-லிருந்து உலகப் பாரம்பரிய இடம். அதை நம்பித்தான் சுற்றுலாவே நடக்கிறது.

துளைப்பான்:
ஏரி தானாகவே வற்றியிருக்கிறது அண்ணா. 2004 கடைசியில் மட்டம் மடமடவென்று இறங்கிப் பிறகு நிரம்பியது. அப்போது அங்கே ஒரு கிணறும் இல்லை. அதற்காகக் கவலையே வேண்டாம் என்று சொல்லமாட்டேன், கீழே எது எதோடு இணைந்திருக்கிறது என்பதைத் தொடர்ந்து அளந்துகொண்டே இருக்க வேண்டும். பைனரி என்கிற வகை நிலையத்தில் வெந்நீரின் சூட்டை பென்டேன் மாதிரி சீக்கிரம் கொதிக்கிற திரவத்துக்கு மாற்றி, அந்த ஆவியில் டர்பைனைச் சுற்றுவார்கள். பென்டேன் 36 டிகிரியிலேயே கொதித்துவிடும். கிணற்றுத் தண்ணீர் வெளியே கொட்டப்படாமல் திரும்பக் கீழே போகிறது. ஆனால் திரும்பப் போகிற தண்ணீர் ஆறியது. ரொம்பப் பக்கத்தில் செலுத்தினால் நாலைந்து வருடத்தில் உற்பத்திக் கிணற்றையே குளிர்வித்துவிடும், ரொம்பத் தள்ளிச் செலுத்தினால் அழுத்தம் குறைந்துபோகும். அதனால்தான் பள்ளத்தாக்கில் கீழே ட்ராஃபல்கர் பக்கம் இடம் பார்த்தார்கள். மலைச்சரிவில் அவ்வளவு தூரம் குழாய் போட வேண்டும், மழைக்கு மண்சரிகிற ஊர் வேறு.

கடற்காகம்:
எரிமலை வெடித்தால்?

எரிமலைப்பித்தன்:
இது என் ஏரியா! 1977-ல் ஐஸ்லாந்தில் க்ராஃப்லா பக்கம் ஒரு புவிவெப்பக் கிணறு வழியாகவே எரிமலைக் குழம்பு பீய்ச்சி அடித்தது. சில டன்தான், ஆனால் மனிதன் போட்ட ஓட்டை வழியாக எரிமலை வெடித்தது அது. 2009-ல் அதே இடத்தில் 2.1 கிலோமீட்டர் ஆழத்தில் துளையிடும் தண்டு நேராகக் குழம்புக்குள்ளேயே போய் நின்றது. இத்தனைக்கும் க்ராஃப்லா நிலையம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. டொமினிக்காவிலும் ஆவிப் பள்ளத்தாக்கில் 1880-ல் நீராவி வெடிப்பு நடந்து ரோசோ நகரத்தில் சாம்பல் விழுந்தது. ஆபத்து உண்டு. ஆனால் வீடும் சாலையும் ஏற்கெனவே அதே ஆபத்தில்தான் இருக்கின்றன. பக்கத்துக் குவாதலூப்பில் புயாண்ட் என்கிற ஊரில் 1986-லிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள், இன்றைக்கு 15 மெகாவாட் பக்கம், ஊருக்கு நடுவிலேயே.

ரோசோமீனா:
எரிமலையை விட அந்த வாடையைப் பற்றிப் பேசுங்கள். ஓட்டன் வேவனில் கந்தகக் குளியலுக்குப் போனபோது காலில் அம்மா கொடுத்த வெள்ளிக் கொலுசு. அரை மணி நேரத்தில் கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது. குளியல்கூடத்து அம்மா சிரித்துவிட்டு, புளிப்பாக ஏதாவது போட்டுத் தேய் என்றார். எலுமிச்சை தேய்த்தும் முழுக்கப் போகவில்லை, இன்றைக்கும் கண்ணிகளுக்கு நடுவில் கறுப்பு இருக்கிறது.

மின்னல்வேலு:
அது ஹைட்ரஜன் சல்பைடு. கொலுசுக்கு நேர்ந்தது ரிலே தொடுமுனைக்கும் நேரும், வெள்ளி, செம்பு எதையும் விடாது. இந்த மாதிரி நிலையங்களில் கட்டுப்பாட்டு அறைக்குள் காற்றை வடிகட்டித்தான் விடுவார்கள். இல்லாவிட்டால் இரண்டே வருடத்தில் காரணம் தெரியாத பழுதுகள் வர ஆரம்பிக்கும், நான் வேறோர் இடத்தில் பட்டிருக்கிறேன். மின்னணு கார்டைக் கழற்றிப் பார்த்தால் செம்பில் கறுப்பு மயிர் முளைத்த மாதிரி இருக்கும்.

எரிமலைப்பித்தன்:
சரி, என் கணக்கைத் திருத்திவிடுகிறேன். ராத்திரி குறைந்த தேவை, மழைக்கால நீர்மின்சாரம் எல்லாம் போக 70 சதவீதம் என்று வைத்தால் 6.1 கோடி யூனிட். டீசல் ஒன்றரைக் கோடி லிட்டர் மிச்சம். துணைக்கு ஓட்டுகிற டீசலை இன்னும் கழிக்கவில்லை. வேலு அண்ணா, அதற்கு எவ்வளவு வைக்கலாம்?

மின்னல்வேலு:
மின்கலம் வைத்தார்களா இல்லையா என்று தெரியாமல் சொன்னால் அது ஜோசியம். இரண்டு மூன்று சின்ன அலகுகளாகப் பிரித்துக் கட்டினால் ஒரு கணக்கு, ஒரே பெரிய அலகாகக் கட்டினால் வேறு கணக்கு. மீனா, அங்கே யாரோடாவது இன்னும் பேசுகிறீர்களா?

ரோசோமீனா:
வீட்டுக்காரம்மாவோடு பேசுவேன். புயலுக்கு அப்புறம் கடன் வாங்கி ஒரு ஜெனரேட்டர் வாங்கினார். மீன் விற்கிறவர், ஐஸ் பெட்டி நின்றால் பிழைப்பு போச்சு. போன வாரம் இந்த இழையைப் பற்றிச் சொல்லி, புவிவெப்பம் வந்தால் ஜெனரேட்டரை விற்றுவிடுவீர்களா என்று கேட்டேன். அவர் வீட்டுக்கு வருகிற கம்பி எந்தக் கம்பத்தில் தொங்குகிறது என்று திருப்பிக் கேட்டார். எனக்கு ஞாபகம் இருக்கிறது, மரியாவுக்கு முன்னால் இருந்த அதே வளைவில், அதே மாதிரி மரக் கம்பம்.